நிஜப் புழுதி

மீசை வைத்த முரட்டு ஆசாமி ஒருவன். தலையில் தொப்பி, கழுத்தில் முடிச்சிட்ட கைக்குட்டை. கையிலுள்ள ரிவால்வரை நிதானமாக உயர்த்தி, நேரே நம் நெற்றியைக் குறி பார்க்கிறான், சுடுகிறான், மறுபடியும் சுடுகிறான். புகை மண்டுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

1903-ஆம் வருஷம் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் என்பவர் எடுத்த 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' என்ற ஊமைப்படத்தில் வருகிற துண்டு இது. மொத்தப் படமே சுமார் பன்னிரண்டு நிமிஷந்தான். ரயிலை நிறுத்திக் கொள்ளையடிக்கிறார்கள், குதிரை ஏறி ஓடுகிறார்கள், துரத்தி வந்தவர்களின் துப்பாக்கிக்கு இரையாகிறார்கள், கதை முடிந்தது. மீசைக்காரன் நம்மைச் சுடுவதற்கும் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. வேண்டுமானால் முதலில் ஒட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம், அவரவர் சௌகரியம் என்று கம்பெனியின் விலைப்பட்டியலே கொட்டகைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஏற்பாட்டைக் கண்டு கொஞ்சம் பொறாமைதான். இந்த அத்தியாயத்தை முதல் இதழிலும் போடலாம், கடைசி இதழிலும் போடலாம் என்று நான் எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியர் ஒப்புக்கொள்வார்?

ஆனால் வேடிக்கை என்னவென்றால், நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் படத்தில் ஜனங்களின் நினைவில் நிற்பது கதையோடு ஒட்டாத அந்தத் துண்டுதான். அமெரிக்கக் கௌபாய் ஊமைப்படங்களைப் பற்றியும், அவற்றைப் பைத்தியமாகச் சேகரிக்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இதனால்தான்.

சேகரிப்பவர்கள் என்றாலே நமக்கு ஒரு சிரிப்பு உண்டு. பழைய கிராமபோன் தட்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். பாட்டைவிடப் பாட்டின் முடிவில் பாடகரே தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும் அந்த இரண்டு விநாடிதான் அவருக்கு உயிர். "பாட்டை யாரும் பாடலாம் ஸார், இதை யார் சொல்வார்கள்?" என்பார். முதலில் இதைக் கிறுக்கு என்று நினைத்தேன். கௌபாய் படங்களைப் பார்க்கப் பார்க்க அவர் சொன்னதில் விஷயம் இருப்பது விளங்கியது.

கதை என்று எடுத்துக்கொண்டால் இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் பத்துக்கு மூன்று மார்க்குக்குமேல் போடமாட்டேன். நல்லவன், கெட்டவன், நடுவில் ஒரு பெண், கடைசியில் குதிரை ஓட்டம். செவ்விந்தியர் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த பூர்வகுடிகள் அநேகமாகச் சுடப்படுவதற்கென்றே வருவார்கள். மெக்சிகோக்காரன் வந்தால் அவன்தான் திருடன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல.

அதிலும் ஆரம்பமே பொய். 'மேற்குச் சீமை'யைக் காட்டிய அந்த முதல் பெரிய படத்தை எடுத்தது கிழக்குக் கரையில், நியூஜெர்சி பக்கத்தில். அதில் இரண்டு மூன்று சில்லறை வேஷங்களில் நடித்த ஆண்டர்சன் என்ற இளைஞருக்குக் குதிரையேற்றமே தெரியாது. தெரியும் என்று புளுகி வேலைக்குச் சேர்ந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்வாராம். அப்படிப்பட்டவர் 1907-இல் பங்காளி ஒருவரோடு சேர்ந்து எஸ்ஸனே கம்பெனியைத் தொடங்கி, கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற சிற்றூருக்குப் போய் முகாம் போட்டு, 'பிராங்க்கோ பில்லி' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களை எடுத்துத் தள்ளினார். உலகத்தின் முதல் கௌபாய் நட்சத்திரம் அவர்தான். 1958-இல் ஹாலிவுட் அவரைத் தேடிப் பிடித்து ஒரு கௌரவ ஆஸ்காரைக் கொடுத்தது.

இத்தனை பொய்யிலும் ஒன்று மட்டும் நிஜம். அந்தப் புழுதி.

1890-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, குடியேறாத எல்லை என்று தனியாகக் கோடு போட இனி இடமில்லை என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லிவிட்டது. மாடு மேய்த்து ஊர் ஊராக ஓட்டிச் சென்ற காலம் முடிந்து, முள்கம்பி வேலி வந்துவிட்டது. இதற்குப் பதின்மூன்றே வருஷத்துக்குள் மீசைக்காரன் சுடுகிறான். அதாவது நிஜமான மாட்டுக்காரனும் ஷெரீப்பும் ரயில் கொள்ளைக்காரனும் அப்போது உயிரோடு, அதுவும் வேலையில்லாமல் இருக்கிறார்கள்! நாள் சம்பளத்துக்குக் குதிரையோடு வந்து நிற்க ஆள் பஞ்சமே இல்லை. தங்கள் வாழ்க்கையையே வேஷமாகக் கட்டி ஆடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

இதன் உச்சம் என்று 1908-இல் ஒக்லஹோமாவில் எடுத்த 'தி பேங்க் ராபரி' என்ற படத்தைச் சொல்வேன். படத்தை இயக்கியவர் பில் டில்மன். கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதில் பெயர் போன அரசாங்க மார்ஷல். கொள்ளைக்காரனாக நடித்தவர் அல் ஜென்னிங்ஸ்; 1897-இல் உண்மையாகவே ரயிலைக் கொள்ளையடித்துவிட்டு ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவர். கேஷ் என்ற சிறிய ஊரில், பட்டப்பகலில், நிஜ வீதியில் எடுத்தார்கள். நிஜக் கொள்ளை என்று எண்ணி ஓர் ஆள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார் என்று ஒரு கதை உண்டு. படம் என்ற முறையில் ரொம்பச் சுமார். மார்ஷலுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த அளவு சினிமா தெரியவில்லை. ஆனால் குதிரையில் ஏறும்போது அந்தக் கொள்ளைக்காரன் உடம்பு வளைகிறதே, அதை எந்த நடிகன் செய்வான்?

இந்த ஜென்னிங்ஸைப் பற்றி இன்னொரு செய்தி சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஒஹாயோ சிறையில் இவரோடு சிநேகமாக இருந்த கைதி ஒருவர் உண்டு. பாங்குப் பணத்தைக் கையாடியதாகத் தண்டனை பெற்ற வில்லியம் சிட்னி போர்ட்டர். அவரைத்தான் நாம் ஓ. ஹென்றி என்று அறிவோம். சிறுகதை எழுதுகிற நாங்கள் எல்லோரும் அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள்.

ஜென்னிங்ஸின் வாழ்க்கையைப் பற்றி 1914-இல் ஒரு படம் வந்தது. கொள்ளைக்காரனுக்கு இவ்வளவு மகிமையா என்று டில்மனுக்குக் கோபம். மறு வருஷமே மறுப்பாக அவர் ஒரு படம் எடுத்து, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், மேடையில் தாமே நின்று பேசிக் காட்டினார். போலீஸும் திருடனும் துப்பாக்கியை வைத்துவிட்டு சினிமாவால் சண்டை போட்ட விசித்திரம் வேறு எந்த நாட்டிலாவது நடந்திருக்குமா? 1924-இல் டில்மன் நிஜத் தோட்டாவுக்கே பலியானார். ஜென்னிங்ஸ் 1961 வரை சௌக்கியமாக இருந்தார்.

இனி வில்லியம் எஸ். ஹார்ட்டிடம் வருகிறேன். சேகரிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எங்கே சுற்றினாலும் கடைசியில் இந்தப் பெயரில்தான் வந்து நிற்பார்கள். 1864-இல் பிறந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியவர். ஒரு சுற்றுப்பயணத்தின்போது ஏதோ ஊரில் ஒரு கௌபாய் படத்தைப் பார்த்து, இப்படியா மேற்குச் சீமையைக் காட்டுவது என்று எரிச்சலாகி, ஐம்பதை நெருங்கும் வயதில், 1914-இல் சினிமாவுக்கு வந்தார். அந்த வயதில் நம் கதாநாயகர்கள் கல்லூரி மாணவனாக நடிப்பார்கள். ஹார்ட்டோ தம் வயதையும் முகத்துச் சுருக்கத்தையும் அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். நீண்ட, குதிரையைப்போன்ற முகம். சிரிப்பு அபூர்வம். அழுக்கான சட்டை. பழைய சேணம். 'பிரிட்ஸ்' என்ற புள்ளிக் குதிரை.

அவருடைய 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' 1916-இல் வந்தது. ஒழுக்கம் கெட்ட ஒரு சிற்றூருக்கு மனவுறுதி இல்லாத இளம் பாதிரியார் ஒருவர் தம் தங்கையோடு வருகிறார். அவரை விரட்ட வந்த துப்பாக்கிக்காரன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மாறிவிடுகிறான். பாதிரியாரோ குடித்துக் கெட்டுப்போகிறார். ஊர்க் காலிகள் தேவாலயத்தைக் கொளுத்துகிறார்கள். பதிலுக்கு ஹார்ட் ஊரையே கொளுத்துகிறார். மனம் திருந்துவது நம்பும்படி இல்லை என்று சொல்வேன். ஆனால் கடைசியில் ஊர் எரிகிறதே! அட்டையால் செய்த பொம்மை வீடுகள் அல்ல. மரத்தால் கட்டிய தெரு முழுவதும் எரிகிறது. அந்தப் பகுதிக்குப் பிலிமையே செந்நிறச் சாயத்தில் தோய்த்தார்கள். கறுப்பு வெள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஊமைப்படம் உண்மையில் அப்படி இல்லை. இரவுக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று சாயம் போட்டே கொட்டகைக்கு அனுப்புவது வழக்கம். வேகமும் அப்படித்தான். கேமராவைக் கையால் சுற்றி எடுத்த படத்தைப் பிற்காலத்து இயந்திரத்தில் விரட்டி ஓட்டினால்தான் மனிதர்கள் எலிகள்போலத் தத்தி ஓடுகிறார்கள். சரியான வேகத்தில், சரியான சாயத்தில் ஒரு பிரதி கிடைத்தால் சேகரிப்பவர் ஏன் ஆனந்தக் கூத்தாடுகிறார் என்பது அதைப் பார்த்தால்தான் புரியும்.

ஹார்ட்டின் கடைசிப் படம் 1925-இல் வந்த 'டம்பிள்வீட்ஸ்'. 1893-இல் செரோக்கி நிலப்பகுதியைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டபோது, பீரங்கி வெடித்ததும் வண்டியும் குதிரையுமாக ஜனங்கள் பாய்ந்தோடி நிலம் பிடித்த நிகழ்ச்சியை அதில் காணலாம். 1939-இல் அதை மறுபடி வெளியிட்டபோது ஹார்ட் முன்னுரையாகச் சில நிமிஷம் பேசினார். எழுபத்து நான்கு வயதுக் கிழவர், பழைய கௌபாய் உடையில், தம் பண்ணையில் நின்றுகொண்டு, செத்துப்போன குதிரையைப் பற்றியும் போய்விட்ட நாளைப் பற்றியும் நாடக மேடைக் குரலில் பேசுகிறார். ஊமைப்பட நாயகன் வாயைத் திறந்தது விடைபெறுவதற்காக. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் நான் அதை மூன்று தடவை பார்த்தேன்.

ஹார்ட்டுக்கு அடுத்து வந்த டாம் மிக்ஸ் வேறு ரகம். பளபளக்கும் சட்டை, பெரிய தொப்பி, சர்க்கஸ் வித்தை. ஜனங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நிஜத்தைவிட ஜிகினா எடுபடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே. 1929-இல் ஓ.கே. காரல் துப்பாக்கிச் சண்டையில் பெயர் பெற்ற வையட் எர்ப் இறந்தபோது, அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஹார்ட்டும் மிக்ஸும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட படங்களில் எத்தனை மிஞ்சின? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அமெரிக்காவில் எடுத்த முழுநீள ஊமைப்படங்கள் 10,919. அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுசாக இருப்பவை நூற்றுக்குப் பதினான்கு. வெட்டுப்பட்ட பிரதி, சின்ன அளவுப் பிரதி எல்லாம் சேர்த்தாலும் நூற்றுக்கு எழுபது போனது போனதுதான்.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் வகை. வெடிமருந்துக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பற்றினால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே கொடுத்துக்கொள்ளும். தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்து, நாற்றமெடுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும். 1937-இல் நியூஜெர்சியில் பாக்ஸ் கம்பெனியின் கிடங்கு தீப்பிடித்ததில் டாம் மிக்ஸின் படங்களில் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் சாம்பலாயிற்று. தீயையாவது மன்னிக்கலாம். 1948-இல் யூனிவர்சல் கம்பெனி தன்னிடம் மீந்திருந்த ஊமைப்படங்களைத் தானே அழித்துவிட்டது. பேசும்படம் வந்த பிறகு அவற்றுக்கு விலை இல்லை. பிலிமில் இருக்கும் வெள்ளிக்குத்தான் விலை.

நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் கதைப்படம். இன்று அதைப் பார்க்க முடியாது.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின என்பதுதான் எனக்குக் கதையைவிடச் சுவாரஸ்யமாக இருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைமடைக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். போன தண்ணீர் திரும்பி வராது. பிலிம் பெட்டிகளும் அப்படித்தான். நியூயார்க்கில் ஓடி, சிகாகோவில் ஓடி, கீறல் விழுந்து, கடைசியாகக் கனடாவின் வடகோடிக்கும் நியூஜிலாந்துக்கும் போய்ச் சேரும். திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கொடுக்கக் கம்பெனிக்கு மனமில்லை. அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். 1978-இல் யூக்கான் பகுதியிலுள்ள டாசன் நகரில் மண்ணைத் தோண்டியபோது 533 ரீல்கள் கிடைத்தன. 1929-இல் பழைய நீச்சல் குளத்தைத் தூர்க்கப் போட்டு மூடியவை. உறைபனி அவற்றைக் காத்துவிட்டது. நியூஜிலாந்திலிருந்து 2010-இல் எழுபத்தைந்து படங்கள் அமெரிக்காவுக்குத் திரும்ப ஏற்பாடாயிற்று. 1911-இல் டெக்ஸாஸில் எடுத்த 'பில்லி அண்ட் ஹிஸ் பால்' என்ற கௌபாய் படம் அவற்றில் ஒன்று. ஜான் போர்டு தம் இருபத்து மூன்றாம் வயதில் எடுத்த 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' பிராக் நகரத்தில் அகப்பட்டது. கௌபாய்கள் செக் மொழி எழுத்து அட்டைகளில் கோபித்துக்கொண்டார்கள்!

கடைமடைக்கு அடுத்தபடி, வீடுகள். 1920-களில் கோடக் கம்பெனி, தீப்பிடிக்காத 16 மில்லிமீட்டர் பிலிமில் பழைய படங்களைச் சுருக்கி எடுத்து வாடகைக்குக் கொடுத்தது. பிறகு அயோவா மாகாணத்திலிருந்த பிளாக்ஹாக் பிலிம்ஸ் தபாலில் விற்றது. கடைச் சிப்பந்தியும் பள்ளி வாத்தியாரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 'தி கிரேட் டிரெய்ன் ராபரி'யைச் சொந்தமாக வாங்கி, வீட்டுச் சுவரில் வேட்டி கட்டாத குறையாகப் படம் காட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து 1950-இல் நியூயார்க்குக்கு வந்த வில்லியம் எவர்சன் என்ற இளைஞர் தம் வருமானத்தையெல்லாம் பிலிமில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி, ஹார்ட் எவ்வளவு பெரிய கலைஞர் என்று ஓயாமல் எழுதினார். 1962-இல் இன்னொருவரோடு சேர்ந்து கௌபாய் படங்களைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். பல்கலைக்கழகங்கள் இந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது தெரியுமா? படத்தின் உரிமை கம்பெனியுடையது. கம்பெனி விற்காத பிரதியை வைத்திருப்பவன் திருட்டுப் பொருள் வைத்திருப்பவன். 1974 டிசம்பரில் எப்.பி.ஐ. அதிகாரிகள் ராடி மக்டவல் என்ற நடிகரின் வீட்டில் புகுந்து அவர் சேர்த்து வைத்த பிரதிகளை வாரிக்கொண்டு போனார்கள். சிறுவனாக ஜான் போர்டின் படத்தில் நடித்தவர் அவர். வழக்குப் போடவில்லை, ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட மற்றச் சேகரிப்பாளர்கள் பெட்டிகளைப் பரண்மேல் ஒளித்தார்கள். பிற்காலத்தில் இதே மக்டவல் அமெரிக்க அரசாங்கத்தின் திரைப்படப் பாதுகாப்புக் குழுவில் அங்கத்தினராக உட்கார்ந்தார். வெள்ளிக்காகப் படத்தை உருக்கியவர் சொந்தக்காரர், பரணில் வைத்துக் காத்தவர் திருடர் என்று சட்டம் சொன்னால், சட்டத்தில்தான் எங்கோ பிசகு என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு படத்தைச் சொல்லி முடிக்கிறேன். பெயர் 'தி டாட்டர் ஆப் டான்'. 1920-இல் ஒக்லஹோமாவின் விச்சிடா மலைப்பகுதியில் எடுத்தது. நடித்தவர்கள் முந்நூறு பேர். கயோவா, கொமாஞ்சி என்ற இரண்டு பூர்வகுடி இனத்தார். ஒரு வெள்ளைக்காரர்கூடத் திரையில் இல்லை. 1875 வரை ராணுவத்துக்குப் பணியாமல் இருந்த கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரின் மகனும் மகளும் அதில் நடித்தார்கள். கதை, வழக்கமான காதல் கதை: ஒரு பெண், இரண்டு வாலிபர்கள், குன்றிலிருந்து குதித்து வீரத்தை நிரூபிக்க வேண்டும் என்று பரீட்சை. ஆனால் நடிக்க வந்தவர்கள் தங்கள் வீட்டு உடைகளையும் கூடாரங்களையும் குதிரைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சடங்கு நடனங்களை அரசாங்கம் தடுத்து வைத்திருந்த காலம் அது. கேமராவுக்கு முன்னால் ஆடினார்கள்.

படம் சில இடங்களில் ஓடி, மறைந்தும் போயிற்று. எண்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. வட கரோலினாவில் ஒரு தனியார் துப்பறிவாளர், செய்த வேலைக்குச் சம்பளமாகப் பணத்துக்குப் பதில் ஐந்து ரீல்களை வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து அவற்றை ஒக்லஹோமா சரித்திரச் சங்கம் விலைக்கு வாங்கிச் செப்பனிட்டது. கொமாஞ்சி இனத்து இசைஞர் ஒருவர் பின்னணி இசை அமைத்தார். 2012-இல் திரையிட்டார்கள். நடித்தவர்களின் பேரன் பேத்திகள் வந்து பார்த்தார்கள். தங்கள் குடும்பத்தாரின் முகங்களை அதில் அடையாளம் கண்டுகொண்டார்கள். கூடாரங்களைக்கூட, அது இன்னாருடையது என்று சொல்ல ஆள் இருந்தது.